ஆஸ்திரேலிய அவுட்பேக் பயணத்தில் இரவு எங்கே தங்குவது? கேரவன் பார்க்குகளுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜூலை மாதம், அங்கே குளிர்காலம், மாலை ஏழு மணி. அவுட்பேக் என்னும் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில், ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஒரு ரோட்ஹவுஸ் (பங்க், உணவகம், தங்குமிடம் மூன்றும் சேர்ந்த வழியோர இடம்) வாசலில் நாங்கள் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். மாமியாருக்கு 68 வயது. பிள்ளைகளில் ஒருவனுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு ஏழு. அலுவலகம் பூட்டிக் கிடந்தது. கதவில் இடம் நிரம்பிவிட்டது என்ற பலகை. அடுத்த ஊருக்கு இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். வாடகை வேனின் ஒப்பந்தப்படி, இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடையாது. லாரிகள் நிற்கும் மண் தரையில் ஓர் ஓரமாக வண்டியை நிறுத்தி, இருந்த போர்வைகளையெல்லாம் பெரியவருக்கும் பிள்ளைகளுக்கும் போர்த்திவிட்டு, நானும் கணவரும் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

அடிலெய்டிலிருந்து உலுரு என்ற பெரும் செம்பாறை வழியாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய்த் திரும்பிய அந்தப் பயணத்தில் நாங்கள் சிரமப்பட்டது எல்லாமே தங்குமிடம் சார்ந்ததுதான். சாலை நன்றாக இருந்தது, வண்டி நன்றாக ஓடியது. இரவு எங்கே, எப்படித் தங்குவது என்பதில்தான் எங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அந்த இரவு உங்களுக்கு வர வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். கீழே உள்ளவை கேம்பர்வேனை (படுக்கையும் அடுப்பும் உள்ள வேன்) வாடகைக்கு எடுத்து, கேரவன் பார்க்குகளில், அதாவது வேனையோ கூடாரத்தையோ கட்டணம் கட்டி நிறுத்தித் தங்கும் முகாம்களில், இரவைக் கழிக்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியவை. கூடாரம் எடுத்துப் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. பார்க்கும் இடங்களை அல்ல, தூங்கும் ஊர்களை முதலில் குறியுங்கள்

பயணத் திட்டம் போடும்போது எல்லோரும் உலுருவில் தொடங்குகிறோம். அவுட்பேக்கில் அது தலைகீழ். ஒவ்வோர் இரவும் எந்த ஊரில் என்பதை முதலில் எழுதுங்கள். நடுவே பார்ப்பதெல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

எங்கள் வழித்தடத்தின் தூரங்கள் ஏறக்குறைய இவை. அடிலெய்டிலிருந்து போர்ட் ஆகஸ்டா 310 கிலோமீட்டர். அங்கிருந்து கூபர் பீடி 540. கூபர் பீடியிலிருந்து எர்ல்டண்டா 490. எர்ல்டண்டாவில் இடப்பக்கம் திரும்பினால் உலுருவுக்கு அருகிலுள்ள யூலாரா 245 கிலோமீட்டர். திரும்பாமல் நேரே போனால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் 200. யூலாராவிலிருந்து கிங்ஸ் கேனியன் 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்.

இதை வைத்துப் பார்த்தால் இரவுகள் தாமாகவே அமைந்துவிடும். முதல் இரவு போர்ட் ஆகஸ்டா, இரண்டாவது கூபர் பீடி, மூன்றாவது எர்ல்டண்டா அல்லது அதற்கு 75 கிலோமீட்டர் முன்னால் உள்ள குல்கெரா, பிறகு யூலாராவில் மூன்று இரவுகள், கிங்ஸ் கேனியனில் ஒன்றோ இரண்டோ, ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மூன்று. பிள்ளைகளும் பெரியவர்களும் உடன் வந்தால் ஒரு நாளில் 550 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

ஜூலையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கங்காருக்கள் சாலைக்கு வருவதும் அந்தி நேரத்தில்தான். பல ரோட்ஹவுஸ்களில் தங்குமிட அலுவலகம் ஆறு மணிக்குள் மூடப்படும். ஆகவே மாலை நான்கு மணிக்கு இறங்கிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பிந்தியது வழியில் ஒரு காட்சிமுனையில் அரை மணி நேரம், மதியச் சாப்பாட்டில் ஒரு மணி நேரம் என்று சேர்ந்து சேர்ந்துதான்.

எரிபொருளும் இதே கணக்கில் சேரும். கிளெண்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் இடையே சுமார் 250 கிலோமீட்டருக்கு ஒரு பங்க்கூட இல்லை. நாங்கள் அதற்கும் முன்னால், பிம்பாவிலேயே தொட்டியை நிரப்பிக்கொண்டோம்.

2. எந்த வகை இடம் வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தால் பத்து வகை இடங்கள் வரிசையாக வரும். புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

'பவர்டு சைட்' என்றால் மின்கம்பத்தோடு உள்ள இடம்; பெரும்பாலும் தண்ணீர்க் குழாயும் இருக்கும். வேனில் வருகிறவர்கள் கேட்க வேண்டியது இதை. 'அன்பவர்டு' என்றால் வெறும் தரை. கூடாரம் போடுபவர்களுக்கும், கூரையில் சூரியத் தகடு உள்ள வண்டிகளுக்கும் அது போதும். 'டிரைவ்-த்ரூ' என்றால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம். பின்னோக்கி ஓட்டி நிறுத்தத் தயங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். 'என்சூட் சைட்' என்பது உங்கள் இடத்திலேயே தனிக் குளியலறையும் கழிவறையும் உள்ள இடம். கட்டணம் அதிகம்தான். ஆனால் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்கும் பெரியவர்கள் உடன் இருந்தால் தயங்காமல் கொடுங்கள். நள்ளிரவுக் குளிரில், கையில் டார்ச்சோடு, நூறு அடி தள்ளியிருந்த பொதுக் கழிவறைக்கு மாமியாரை அழைத்துப் போய் வந்த முதல் இரவே அந்தப் பணத்தின் மதிப்பு எனக்குப் புரிந்துவிட்டது.

வேனில் தூங்க முடியாதவர்களுக்கு கேபின் உண்டு. ரோட்ஹவுஸ்களில் 'டோங்கா' என்று ஒன்று சொல்வார்கள். இரும்புப் பெட்டி போன்ற ஆயத்த அறைகள் வரிசையாக இருக்கும். கட்டிலும் குளிர்சாதனமும் இருக்கும். குளியலறை பெரும்பாலும் பொதுவானது. நீங்கள் வண்டியில் தூங்கிக்கொண்டு பெரியவருக்கு மட்டும் ஒரு டோங்கா எடுப்பது நல்ல ஏற்பாடு.

தேசியப் பூங்காக்களின் முகாம்கள் வேறு மாதிரி. மின்சாரம் இருக்காது, பல இடங்களில் குடிநீரும் இருக்காது, குழிக் கழிவறை மட்டும். அந்த வானத்தையும் அமைதியையும் வேறெங்கும் பெற முடியாது என்பது உண்மை. ஆனால் முதல் பயணத்திலேயே எல்லா இரவையும் அங்கே வைக்காதீர்கள். ஓர் இரவு போதும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே சுமார் 135 கிலோமீட்டரில் உள்ள ஆர்மிஸ்டன் பள்ளத்தாக்கு முகாம் தொடக்கத்துக்கு நல்லது. தார்ச்சாலை முழுவதும் உண்டு, குளியலறையும் உண்டு.

நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இலவசமாகத் தங்கலாம் என்று பலர் சொல்வார்கள். தங்க அனுமதி உண்டா, எத்தனை மணி நேரம் என்பதை அங்குள்ள பலகை சொல்லும். களைத்துப்போனால் கட்டாயம் நிறுத்துங்கள். அதற்காகத்தான் அவை இருக்கின்றன. ஆனால் குடும்பத்தோடு போகும்போது அதையே திட்டமாக வைக்க வேண்டாம். தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை, பல டிரெய்லர்களை இழுக்கும், 50 மீட்டருக்கும் நீளமான ரோட் டிரெயின் லாரிகள் இரவெல்லாம் பக்கத்தில் இரைந்துகொண்டு போகும்.

3. முன்பதிவு: எப்போது, எப்படி

மே முதல் செப்டம்பர் வரை உச்சப் பருவம். கோடையில் 40 பாகையைத் தொடும் வெயில் என்பதால் எல்லோரும் குளிர்காலத்தில்தான் வருகிறார்கள். அதிலும் பள்ளி விடுமுறை வாரங்களில் யூலாராவிலும் கிங்ஸ் கேனியனிலும் பல மாதங்களுக்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். உலுரு-கட்டா ஜுட்டா தேசியப் பூங்காவுக்குள் முகாமிட அனுமதி இல்லை. எல்லோருக்கும் யூலாரா ஒன்றுதான் அருகிலுள்ள இடம் என்பதால், அந்த மூன்று இரவுகளை முதலில் பதிவு செய்யுங்கள். மற்ற ஊர்களை அதற்கு முன்னும் பின்னும் பொருத்துங்கள்.

ஜூன் மாதத்தில் மன்னர் பிறந்தநாள் நீண்ட வார இறுதியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஃபிங்க் பாலைவனப் பந்தயம் நடக்கும். அந்த நாட்களில் ஊரில் இடம் கிடைப்பது அரிது. பந்தயம் பார்க்கப் போகவில்லை என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பதிவு செய்யும்போது இவற்றைக் கவனியுங்கள்:

- திரையில் காட்டும் கட்டணம் பெரும்பாலும் இரண்டு பேருக்கானது. கூடுதல் ஆளுக்குத் தனிக் கட்டணம். நாங்கள் ஐந்து பேர் என்று சொல்லாமல் பதிவு செய்துவிட்டு, போய் இறங்கியதும் 35 டாலர் கூடுதலாகக் கட்டினோம். சில இடங்களில் ஓர் இடத்துக்கு ஆறு பேர் என்று உச்ச வரம்பும் இருக்கும்.
- வண்டியின் நீளம் கேட்பார்கள். வாடகை நிறுவனத்தின் விவரத்தாளைப் பார்த்துச் சரியாகச் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் நுழைய முடியாத இடம் கிடைக்கும்.
- ரத்து விதியைப் படியுங்கள். சாதாரண நாட்களில் 48 மணி நேரம் முன்பு சொன்னால் போதும் என்ற இடங்கள்கூட விடுமுறைக் காலத்தில் இரண்டு வாரம், ஒரு மாதம் என்று நீட்டிவிடுகின்றன. மழை பெய்தால் மண்சாலைகள் மட்டுமல்ல, நெடுஞ்சாலையே மூடப்படலாம். சாலை மூடப்பட்டால் பணம் திரும்புமா, நாள் மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.
- சிறிய ரோட்ஹவுஸ்கள் சிலவற்றில் இணையப் பதிவு இல்லை. தொலைபேசியில் அழைக்க வேண்டும். "முன்பதிவு தேவையில்லை, வந்தால் போதும்" என்று சொன்னால், எத்தனை மணிக்குள் வந்தால் போதும் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறியது அதைத்தான்.

தாமதமாகிவிட்டால் வழியில் சிக்னல் உள்ள ஊரிலிருந்தே அழைத்துச் சொல்லிவிடுங்கள். பல இடங்களில் உங்கள் பெயர் எழுதிய உறையை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். இட எண்ணும் குளியலறைக் கதவின் எண்ணும் அதில் இருக்கும்.

தங்குமிடங்களைத் தேட 'விக்கிகேம்ப்ஸ்' என்ற கட்டணச் செயலியும் 'கேம்பர்மேட்' என்ற இலவசச் செயலியும் உண்டு. இரண்டிலும் முன்பு தங்கியவர்கள் எழுதிய குறிப்புகள் இருக்கும். 'தண்ணீர் உப்பு', 'பக்கத்தில் ஜெனரேட்டர் சத்தம்' போன்ற செய்திகளை அங்கேதான் அறிய முடியும். வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

4. பாஸ்கள், அனுமதிகள்

இதில் ஒரு பொறி உண்டு. உலுரு-கட்டா ஜுட்டா பூங்கா மத்திய அரசின் பூங்காத் துறையோடு சேர்ந்தது. அதன் நுழைவுச்சீட்டு பெரியவர் ஒருவருக்கு 38 டாலர், மூன்று நாட்களுக்கு. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். கிங்ஸ் கேனியன் இருக்கும் வட்டார்கா தேசியப் பூங்காவும் ஆர்மிஸ்டனும் நார்தர்ன் டெரிட்டரி அரசின் பூங்காக்கள். வெளி மாநிலத்தவர்களுக்கு 2023 முதல் அங்கே தனிப் பாஸ் வேண்டும். நாங்கள் வாங்கியபோது பெரியவருக்கு ஒரு நாளைக்கு 10 டாலர், இரண்டு வாரத்துக்கு 30 டாலர். ஒன்று மற்றொன்றுக்குச் செல்லாது. முகாமிடும் கட்டணம் இவை இரண்டிலும் சேராத மூன்றாவது செலவு. விலைகள் மாறக்கூடும்; வாங்கும் நாளில் பாருங்கள்.

பூங்கா முகாம்களை இணையத்தில் முன்பே பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று போனால் கட்ட ஆளும் இருக்க மாட்டார், சிக்னலும் இருக்காது.

கிங்ஸ் கேனியனிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மெரீனி வழியாகக் குறுக்குப் பாதை ஒன்று உண்டு. அது பழங்குடி மக்களின் நிலத்தின் ஊடாகச் செல்வதால் அனுமதிச்சீட்டு தேவை, தூரம் மிச்சமாகும். ஆனால் பெரும்பகுதி மண்சாலை. வாடகை வேன்களின் ஒப்பந்தம் பொதுவாக மண்சாலையை அனுமதிப்பதில்லை, அல்லது முகாமை அடையும் சிறு தூரத்துக்கு மட்டும் அனுமதிக்கும். அனுமதிச்சீட்டு கையில் இருந்தாலும் காப்பீடு இருக்காது. எர்ல்டண்டா வழியாகச் சுற்றியே போங்கள். பொதுச் சாலையை விட்டு விலகிப் பழங்குடி நிலத்துக்குள் முகாமிடுவது அனுமதியின்றிச் செய்யவே கூடாத காரியம். அது அவர்கள் வீட்டு முற்றம்.

5. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தத்தின் பிரதி, காப்பீட்டுத் தாள், ஒவ்வொரு தங்குமிடத்தின் உறுதிச் சீட்டு, பூங்காப் பாஸ்கள், வண்டியின் பதிவு எண். இவை அனைத்தையும் படமாக எடுத்துத் தொலைபேசியிலேயே சேமியுங்கள். மின்னஞ்சலில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஊர்களுக்கு இடையே மணிக்கணக்காகச் சிக்னல் இருக்காது. டெல்ஸ்ட்ரா இணைப்புதான் மிகத் தொலைவு வரை எட்டும்; வேறு நிறுவன இணைப்பு வைத்திருப்பவர்கள் பயணத்துக்கு மட்டும் ஒரு டெல்ஸ்ட்ரா ப்ரீபெய்டு சிம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேன் எடுக்கும்போது ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டு மட்டும் இருந்தால் முன்பே பேசி உறுதி செய்யுங்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்திருக்கும் உறவினர் ஓட்டப் போகிறார் என்றால் அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். அவருடைய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருந்தால் கேள்வியே எழாது. பார்வையாளர் விசாவில் வந்த பெரியவர்களின் பயணக் காப்பீட்டு எண்ணையும் அவர்களுடைய மருந்துச் சீட்டையும் ஒரே உறையில் வையுங்கள். பயண நாட்களுக்கு மேல் ஒரு வார மருந்து கூடுதலாக எடுங்கள். வழியில் மருந்துக்கடை தேடி 300 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும்.

6. வந்து இறங்கியதும் முதல் அரை மணி நேரம்

பெரும்பாலான இடங்களில் மதியம் இரண்டு மணிக்குமேல் உள்ளே விடுவார்கள், காலை பத்து மணிக்குள் வெளியேற வேண்டும். அலுவலகத்தில் ஒரு வரைபடம் தந்து உங்கள் எண்ணை வட்டமிட்டுக் கொடுப்பார்கள். அங்கேயே மூன்று கேள்விகள் கேளுங்கள்: குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா? ஹீட்டர் போடலாமா? கழிவறைப் பெட்டியை எங்கே காலி செய்வது?

முதல் கேள்விக்குக் காரணம், பல ரோட்ஹவுஸ்களில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், குடிக்க முடியாது. அதில் சோறு வடித்தாலும் உப்புக் கரிக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று குடிநீரை வண்டியிலேயே வைத்திருங்கள். இரண்டாவது கேள்விக்குக் காரணம், அங்கே சிலவற்றில் மின்சாரம் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. எல்லோரும் ஹீட்டர் போட்டால் தாங்காது.

வண்டியை நிறுத்தும்போது ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று வழிகாட்டுங்கள். மின்கம்பம் ஓட்டுநர் பக்கமா, மறுபக்கமா என்று பார்த்து நிறுத்தினால் கேபிள் எட்டும். அந்தக் கேபிள் 15 ஆம்பியர் வகை; அதன் எர்த் முனை அகலமானது. வீட்டுச் சுவரில் உள்ள 10 ஆம்பியர் துளையில் அது நுழையாது. சாதாரண எக்ஸ்டென்ஷன் வயரைக் கொண்டு ஒட்டுப்போட முயலாதீர்கள், சூடேறித் தீப்பிடிக்கும். கேபிள் நீளம் பொதுவாகப் பத்து மீட்டர். சுருளாக வைக்காமல் முழுவதும் விரித்துவிடுங்கள்.

தண்ணீர்க் குழாயைப் பொருத்துவதற்கு முன் குழாயைச் சில விநாடிகள் திறந்துவிடுங்கள். செம்மண் தூசு வெளியேறிவிடும். பாத்திரம் கழுவிய நீரைத் தரையில் விட அனுமதி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு வாளியில் பிடிக்க வேண்டும்.

கூபர் பீடிக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே தண்ணீர் விலைமதிப்புள்ளது. சில முகாம்களில் காசு போட்டால்தான் ஷவர் வரும். ஆகவே சில்லறை நாணயங்கள் வைத்திருங்கள். தரை கல்லாக இருக்கும். கூடார முளைகள் இறங்காது. பூமிக்கடியில் கூடாரம் போடும் இடமும் அந்த ஊரில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஊர் எல்லையில் கைவிடப்பட்ட ஓப்பல் சுரங்கக் குழிகள் வேலியில்லாமல் திறந்து கிடக்கின்றன. பிள்ளைகளின் கையை விடாதீர்கள். படம் எடுக்கப் பின்னோக்கி நடக்காதீர்கள்.

7. சமையல்

வேனுக்குள் தாளிக்காதீர்கள். இடம் குறுகல், எண்ணெய்ப் புகையில் புகை எச்சரிக்கை மணி அலறும், மெத்தையில் ஏறிய வாசனைக்கு வாடகை நிறுவனம் சுத்தம் செய்யும் கட்டணம் கேட்கலாம். பொதுச் சமையலறை எல்லாப் பெரிய கேரவன் பார்க்கிலும் உண்டு. அடுப்பு, மைக்ரோவேவ், பார்பிக்யூ தகடு, கழுவுதொட்டி இருக்கும். பாத்திரம் இருக்காது. ஆறு மணிக்குக் கூட்டம் கூடும். ஐந்து மணிக்கே முடித்துவிட்டால் நிம்மதி. பார்பிக்யூ தகட்டில் தோசை அருமையாக வரும், முதலில் அதை நன்றாகச் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். முன்பு இறைச்சி சுட்டிருப்பார்கள் என்பதால் சைவம் உண்பவர்கள் ஒரு தோசைக்கல் எடுத்துப் போங்கள்.

15 ஆம்பியர் இணைப்பு ஏறக்குறைய 3,500 வாட் தாங்கும். கெட்டில் ஒன்றே 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஹீட்டர் ஓடும்போது கெட்டிலும் ரைஸ் குக்கரும் சேர்ந்தால் இணைப்பு துண்டிக்கப்படும். கம்பத்தில் உள்ள சிறு சுவிட்சை மறுபடி மேலே தள்ளினால் சரியாகும்.

காய்கறிகள் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பழ ஈ பரவாமல் தடுக்க, தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வெளி மாநிலங்களிலிருந்து பழங்களும் தக்காளி, மிளகாய் போன்ற காய்களும் கொண்டுவரத் தடை உண்டு. மெல்பர்னிலிருந்து கிளம்பி யாம்பா அல்லது பின்னாரூ வழியாக வருகிறவர்களை அங்குள்ள சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வாங்கியதை மிச்சம் வைத்துத் திரும்ப எடுத்து வருவதும் இதே விதிக்கு உட்பட்டது. சமைத்த உணவுக்குத் தடையில்லை. தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி ஆகியவற்றை வீட்டிலேயே செய்து எடுத்துக்கொண்டால் அரிசி மட்டும் வைத்தால் போதும்.

யூலாராவிலும் கிங்ஸ் கேனியனிலும் டிங்கோ நாய்கள் முகாமுக்குள்ளேயே நடமாடும். உணவுப் பெட்டியை மட்டுமல்ல, செருப்பையும் வெளியே விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போய்விடும். சோறு வைக்கவும் கூடாது. மனிதரிடம் உணவு பழகிய டிங்கோ பிள்ளைகளுக்கு ஆபத்தாகிவிடுகிறது.

8. கழிவறைப் பெட்டி

வேனில் கழிவறை இருந்தால் அதன் அடியில் இழுத்து எடுக்கும் பெட்டி ஒன்று இருக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை, முழுதாக நிறைவதற்கு முன்பே காலி செய்ய வேண்டும். அதற்கான இடத்துக்கு 'டம்ப் பாயின்ட்' என்று பெயர். அங்கே மட்டும்தான் கொட்ட வேண்டும். சாதாரணக் கழிவறையிலோ பூங்காவின் குழிக் கழிவறையிலோ கொட்டினால், அதில் உள்ள ரசாயனம் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்று மொத்த அமைப்பையும் கெடுத்துவிடும். ரப்பர் கையுறை ஒரு பெட்டி வாங்குங்கள். பக்கத்திலுள்ள குழாயில் குடிநீர் பிடிக்காதீர்கள். அது பெட்டி கழுவுவதற்கு. இந்த வேலையை நினைத்து அருவருப்படைந்து பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஐந்து நிமிட வேலைதான். தள்ளிப்போட்டால்தான் கொடுமையாகும்.

9. இரவும் குளிரும்

பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய போர்வைகளோடு போனோம். ஜூலையில் யூலாராவிலும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலும் இரவு வெப்பநிலை சராசரியாக நான்கைந்து பாகைக்கு இறங்கும். சில இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போய்த் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும். படுக்கும் முன் மறுநாள் காலைக் காப்பிக்கு ஒரு குடம் நீர் பிடித்து உள்ளே வையுங்கள். வாடகை நிறுவனம் தரும் போர்வைகளை நம்பாமல் ஆளுக்கு ஒரு நல்ல உறக்கப் பை எடுங்கள். பெரியவர்களுக்குக் கம்பளிக் குல்லாவும் காலுறையும் கட்டாயம்.

இதைத் தயவுசெய்து மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: குளிருக்காக வேனுக்குள் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மண் தரையில் கழித்த அந்த இரவில், மின் இணைப்பு இல்லாமல் ஹீட்டர் ஓடாதபோது, எங்களுக்கும் அந்த எண்ணம் வந்தது. கணவர் உறுதியாக மறுத்துவிட்டார். ஹீட்டர் தேவை என்றால் பவர்டு சைட்டில் தங்குங்கள்.

இரவு பத்து முதல் காலை ஏழு வரை அமைதி நேரம். பத்து மணிக்கு மேல் வேனின் சறுக்குக் கதவைத் திறந்து மூடுவதே பக்கத்தில் உள்ளவர்களை எழுப்பிவிடும். குளியலறையைப் பயன்படுத்தியபின் தரையைத் துடைத்துவிட்டு வருவது அங்குள்ள வழக்கம். ஒவ்வோர் அறையிலும் அதற்கான துடைப்பான் இருக்கும். மற்றவர்களின் இடத்துக்குக் குறுக்கே நடக்கக் கூடாது என்பதும் எழுதாத விதி. பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

10. எவ்வளவு செலவாகும்

ஐந்து பேருக்கு, பன்னிரண்டு இரவுகளுக்கு எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன். பவர்டு சைட் இரண்டு பேருக்கு 45 முதல் 75 டாலர் வரை. யூலாராவும் கிங்ஸ் கேனியனும் உயர்ந்த பக்கம். கூடுதல் ஆட்களோடு சராசரியாக இரவுக்கு 90 டாலர் கொடுத்தோம். இரண்டு இரவுகள் மாமியாருக்காக எடுத்த அறைகள் தனி. தங்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 1,300 டாலர். மொத்தம் 4,000 கிலோமீட்டர் ஓட்டினோம். டீசல் சுமார் 1,100. ரோட்ஹவுஸ்களில் லிட்டர் விலை நகரத்தைவிடப் பெரிதும் கூடுதல். பெரிய கேரவன் பார்க் குழுமங்களின் உறுப்பினர் அட்டை பத்து சதவீதம் அளவுக்குத் தள்ளுபடி தரும். ஆனால் அவற்றின் கிளைகள் எல்லா ரோட்ஹவுஸிலும் இல்லை. உங்கள் வழித்தடத்தில் எத்தனை இரவு அவர்களிடம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வேனின் காப்பீட்டில் உங்கள் பங்கு என்று ஒரு தொகை எழுதியிருப்பார்கள். அது பல ஆயிரம் டாலர். நாளுக்கு இவ்வளவு என்று கட்டி அதைக் குறைக்கலாம். எல்லாவற்றிலும் சிக்கனம் பார்த்த நாங்கள் இதில் பார்க்கவில்லை. நெடுஞ்சாலையில் எதிரே போன ரோட் டிரெயின் தெறித்த கல் முன்கண்ணாடியில் விரிசல் விட்டபோது ஒரு பைசா கூடக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

11. ஒவ்வொரு காலையும், கடைசி நாளும்

புறப்படுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று நடந்து வாருங்கள். மின் கேபிள், தண்ணீர்க் குழாய், படிக்கட்டு, கூரைச் சன்னல், நிழல்துணி, கேஸ் வால்வு. கேபிள் கம்பத்திலேயே இருக்க வண்டியைக் கிளப்பிவிடும் விபத்து அடிக்கடி நடக்கிறது. நாங்கள் ஆறையும் ஓர் அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் தொங்கவிட்டோம். பெரியவன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் சாவி திருகப்படும்.

அன்றைய சாலை நிலவரத்தைக் கிளம்பும் முன் பாருங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவும் நார்தர்ன் டெரிட்டரியும் தனித்தனியே அதற்கு இணையதளம் வைத்திருக்கின்றன. ரோட்ஹவுஸ் பணம் கட்டும் இடத்தில் கேட்டாலும் சொல்வார்கள். கோடையில் போகிறவர்கள் எல்லையைத் தாண்டும்போது கடிகாரத்தையும் கவனியுங்கள். அப்போது தெற்கு ஆஸ்திரேலியா ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். தெற்கே வருகிறவர்கள் நான்கு மணிக்கு வந்துவிட்டதாக நினைக்கும்போது அங்கே ஐந்தாகியிருக்கும்.

கடைசி இரவை வேன் ஒப்படைக்கும் நகரத்துக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கழிவறைப் பெட்டியையும் கழிவுநீர்த் தொட்டியையும் காலி செய்து, உள்ளே படிந்த செம்மண்ணைத் துடைத்து, தொட்டியில் டீசல் நிரப்பி, ரசீதை வைத்துக்கொண்டு போங்கள். காலி செய்யாமல் கொடுத்தால் தனிக் கட்டணம் உண்டு. ஒப்படைப்பதற்கு முன் நான்கு பக்கமும், கூரையும், கண்ணாடியும், கிலோமீட்டர் எண்ணும் தெரியும்படி படம் எடுங்கள். பிணைத்தொகை கார்டுக்குத் திரும்ப எங்களுக்குப் பதினைந்து நாட்கள் ஆயின. அதுவரை அந்தப் படங்களை அழிக்காதீர்கள்.